கால் எட்டும் வண்டி

1

போன வியாழக்கிழமை என் மகளுக்கு எட்டு வயது முடிந்தது. மற்ற வீடுகளில் இது கேக்கும் பலூனும் சம்பந்தப்பட்ட விஷயம். எங்கள் வீட்டில் இது போக்குவரத்துச் சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் குடியிருக்கும் பெர்த் நகரத்தில் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஏற்றக் கூடாது. எட்டு முடிந்தாலும் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும், இரண்டு பாதமும் புட்ரெஸ்டில் பதிய வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷனில் டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, அம்மா மடியில் ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் மடியில் ஒரு தூக்குவாளி என்று போகிற குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே வாசலில் ஒரு க்ரூசர் பைக்கை நிறுத்திவைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையிடம் "இன்னும் வயசு வரலை" என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்துவிட்டேன்.

அவள் பெயர் இசக்கியம்மாள். என் அப்பா ஆசைப்பட்டு வைத்த குலசாமிப் பெயர். பள்ளிக்கூடத்தில் அது ஒரே வாரத்தில் 'இஸ்ஸி' ஆனது. வீட்டில் இசக்கி என்று கூப்பிட்டால் வருவாள். தோழிகள் இருக்கும்போது கூப்பிட்டால் காதில் விழாது. தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் வரும். தமிழ் வகுப்புக்குப் போகலாமா? இட்ஸ் ஓகே. பாவாடை உடுத்திக்கொள்கிறாயா? இட்ஸ் ஓகே. தாத்தாவிடம் இன்னும் கொஞ்சம் பேசுகிறாயா? இட்ஸ் ஓகே. இந்த ஊரில் இட்ஸ் ஓகே என்றால் சரி என்று அர்த்தம் இல்லை, வேண்டாம் என்று அர்த்தம். வந்த புதிதில் இது தெரியாமல், இட்ஸ் ஓகே சொன்ன அலுவலகத் தோழி ஒருத்தியின் தட்டில் நான் மூன்று முறுக்கு வைத்திருக்கிறேன். பாவம், மூன்றையும் தின்றாள்.

என் மகள் இட்ஸ் ஓகே சொல்லாத ஒரே காரியம் என் வண்டியில் ஏறுவது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நிற்கிற வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து அவளே வாயால் சத்தம் கொடுத்து ஓட்டுவாள். எட்டு வயதுக்காக அவள் காத்திருந்தது மாதிரி எதற்கும் காத்திருந்ததில்லை.

அந்த எட்டு வயது வந்த வாரத்தில்தான், நான் பல வருடமாக ஆசைப்பட்ட பெரிய வண்டியும் கைக்கு வருவதாக இருந்தது. இப்போதிருக்கும் வண்டியைக் கடையில் கொடுத்து அதை எடுக்க வேண்டும். எடுக்கப்போகிற வண்டியில் பின்சீட்டு இல்லை.

க்ரூசர் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் என்ஜினை ஒப்பிடுவார்கள், இழுவையை ஒப்பிடுவார்கள், மைலேஜை ஒப்பிடுவார்கள். நானும் செய்வேன், படித்தது அதுதானே. ஆனால் என் கையில் வந்த வண்டிகளைப் பின்சீட்டிலிருந்து சொன்னால்தான் கதை சரியாக வரும்.

2

முதல் வண்டி காரி.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றுக்குத் தென்கரையில். அப்பா சுடலைமுத்து வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் அம்மா போயிருக்கிறாள், கட்டடம் கட்டும்போது செங்கல் சுமக்க. அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நான் எலக்ட்ரிகல் படித்து, பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலையில் சேர்ந்தேன். இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ. ஒரு வருடம் பொறுத்தேன். பிறகு, கியர் வண்டி வாங்குகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா, ஸ்கூட்டி வாங்கேன், பொம்பளப்பிள்ளைகளுக்கென்றே விற்கிறார்களே என்றாள். அப்பாவோ, வண்டி பார்க்கப் போகும்போது சட்டை மாற்றிக்கொண்டு கூட வந்தார்.

மேலப்பாளையத்தில் ஒருவர், ரியாத்துக்குத் திரும்பிப் போவதற்கு முன்னால் தன் வண்டியை விற்க நினைத்தார். கறுப்பு நிறம், தாழ்ந்த சீட்டு, ஆட்டுக்கிடாய்க் கொம்பு மாதிரி உயர்ந்து பின்னால் வளைந்த ஹேண்டில். அவர் சாவியை அப்பாவிடம் நீட்டி, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

"எனக்கு சைக்கிளே கோணும். அவல்லா ஓட்டப் போறா" என்றார் அப்பா.

விற்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் உயரத்தைச் சொல்ல வேண்டும் என்றால், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க நான் குதிகாலைத் தூக்க வேண்டும். "காலு எட்டுமா?" என்று கேட்டார்.

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. க்ரூசர் வண்டியின் முதல் குணம் அதுதான். மற்ற பைக்குகள் நம்மைக் குனிந்து கும்பிடச் சொல்லும். க்ரூசர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லும். கால் முன்னால், முதுகு நேராக, கை நெஞ்சுக்கு நேரே. அந்த நாற்காலியில் எங்கள் வீட்டில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போடச் சொன்னபோது அந்த நீளமான வண்டி வளைய மறுத்தது. வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். குட்டை வண்டிக்கு எட்டு சுலபம், க்ரூசருக்கு எட்டு என்பது மாட்டு வண்டியைச் சந்துக்குள் திருப்புகிற வேலை. போட்டேன். கால் ஊன்றாமல் போட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

வண்டிக்குக் காரி என்று பெயர் வைத்தது அப்பா. கறுப்பு மாட்டுக்கு வைக்கிற பெயர். நேர் சாலையில் நன்றாகப் போகும், மெதுவாகப் போனால் சூடாகும், வெயிலில் நின்றால் அந்தச் சூட்டை என் முழங்காலுக்குக் கொடுக்கும். ஆனால் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று பணகுடியில் குறுக்கே அடிக்கும்போது, கூட வேலை பார்த்தவர்களின் உயரமான பைக்குகள் குடித்தவன் மாதிரி தள்ளாடும். காரி வயிற்றைத் தரையோடு வைத்துக்கொண்டு போகும்.

பின்சீட்டில் அப்பா. அவருக்கு லெப்டு ரைட்டு கிடையாது. எங்கள் ஊரில் பலருக்கும் கிடையாது. நான்கு திசைதான். சோற்றுப்பானை தெக்க இருக்கும், செருப்பு வடக்க கிடக்கும், கல்யாணப் பந்தியில் "கொஞ்சம் மேக்க தள்ளி உக்காரு" என்பார்கள். மேக்க என்றால் மலை, பாபநாசம், தண்ணீர் வருகிற பக்கம். கெழக்க என்றால் கடல், திருச்செந்தூர், தண்ணீர் போகிற பக்கம். அப்பா பின்னாலிருந்து "தெக்க திரும்பு", "பைய, பைய, மேக்க பஸ் வருது" என்பார். நான் அப்படியே ஓட்டப் பழகினேன். எந்தக் கை என்று யோசித்ததே இல்லை.

மகள் ஓட்ட, அப்பன் பின்னால் உட்கார்ந்து போவது எங்கள் ஊர் டீக்கடைக்குப் பெரிய தீனி. ஒருநாள் அப்பாவின் கூட்டாளி ஒருவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டே கேட்டார்: "என்ன வே சுடல, புள்ள ஓட்டுதா, நீரு பொண்டாட்டி மாதிரி பின்னால குந்தியிருக்கீரு?"

எனக்குக் காது சூடானது. அப்பா வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"ஓட்டுறவ ரோட்டப் பாக்கணும் வே. பின்னால உக்காந்தாத்தான் ஊரப் பாக்கலாம். உம்ம மூஞ்சியும் ஊருக்குள்ளதான இருக்கு."

கடை முழுக்கச் சிரித்தது, கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அப்பா வெட்கமில்லாமல் இடம் கேட்கத் தொடங்கினார். திசையன்விளைச் சந்தைக்கு, அம்பாசமுத்திரத்தில் ஒரு சடங்குக்கு, ஒன்றுமே இல்லாவிட்டால் ஆற்றுப்பாலம் வரைக்கும்.

3

கல்யாணமாகி நானும் என் வீட்டுக்காரரும் பெர்த்துக்கு வந்தோம். காரியை, கூட வேலை பார்த்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். இங்கேயும் எனக்குக் காற்றாலை வேலைதான் கிடைத்தது. காற்றுக்கு எந்த ஊர் என்பது முக்கியம் இல்லை.

லைசென்சுக்குத்தான் முக்கியம். என் இந்திய லைசென்சில் வாகன வகை என்ற இடத்தில், ஆங்கிலத்தில், 'மோட்டார் சைக்கிள் வித் கியர்' என்று எழுதியிருந்தது. கியர் வண்டி என்றுதானே நமக்கு அர்த்தம். லைசென்சு ஆபீசில் கவுண்டரில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார். இங்கே கியர் என்றால் வண்டி ஓட்டும்போது உடுத்துகிற தோல் சட்டை, கையுறை, முட்டி பாதுகாப்பு எல்லாம் சேர்ந்தது. உங்கள் நாட்டில் லைசென்சிலேயே அதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்களா, இங்கேயும் அப்படிச் செய்ய வேண்டும் என்றார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக்கொண்டு காரியில் பின்னால் வந்த அப்பா என் கண் முன்னால் வந்தார். நாட்டின் மானத்தை நினைத்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

நாட்டின் மானம் காப்பாற்றப்பட்டதே தவிர லைசென்சு மாறவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். அதுவும் முதலில் சின்ன வண்டிதான், சில வருடம் கழித்துத்தான் பெரியதற்குத் தனிப் பரீட்சை. காற்றாலையின் உச்சியில் ஏறி நின்று வேலை பார்த்தவளை 'கற்றுக்கொள்பவர்' என்று மஞ்சள் பலகை மாட்டி அனுப்பினார்கள்.

ஓட்டும் பரீட்சையில் அதிகாரி பின்னால் காரில் வருவார். அவர் குரல் நம் ஹெல்மெட்டுக்குள் கேட்கும். எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு பெரிய சந்திப்பு வந்தது. நெடுஞ்சாலையில் சேர்ந்து கிழக்கே போ என்றது குரல்.

பின்னாலிருந்து ஒரு குரல், அதுவும் திசை சொல்கிறது. எவ்வளவு நாளாயிற்று! மூளைக்கு அங்கே வேலையே இல்லை, உடம்பே கேட்டுக்கொண்டது. தூரத்தில் நீலமாக மலை தெரிந்தது. மலை இருக்கிற பக்கம் மேற்கு, ஆகவே இந்தப் பக்கம் கிழக்கு என்று கடலைப் பார்த்து வண்டியைச் சாய்த்தேன். பாதித் திருப்பத்தில் பலகை கண்ணில் பட்டது. கிழக்கு என்ற அம்புக்குறி மலையைக் காட்டிக்கொண்டிருந்தது. சந்திப்பின் நடுவில் கால் ஊன்றி நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து உடம்புக்குள் இருந்த ஒன்று திடீரென்று பொய் என்றால் யாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

பெர்த்தில் மலை கிழக்கே இருக்கிறது, கடல் மேற்கே இருக்கிறது. வந்து இத்தனை மாதம் ஆகியும் அதை நான் படித்திருந்தேனே தவிர நம்பியிருக்கவில்லை. தவறான பக்கம் திரும்பியதற்கு மதிப்பெண் குறையாது, நடுவில் நின்றதற்குத்தான் என்று அதிகாரி அன்பாக விளக்கிவிட்டு என்னைத் தோற்கடித்தார். படித்த காலத்தில் ஒரு பரீட்சையிலும் தோற்காதவள் நான். திசை தெரியாமல் தோற்றேன்.

அன்று போனில் அப்பாவிடம் சொன்னேன். அவர் தோல்வியைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மல கெழக்க இருக்கா? என்னளா சொல்லுத?"

"ஆமாப்பா."

"அப்பம் ஆறு?"

"கெழக்க இருந்து மேக்க ஓடுது. மேக்கதான் கடல்."

பிறகு அம்மாவிடம் சொல்வது கேட்டது: "கேட்டியா, மேக்க கடலாம். புள்ளைக்கு அங்கன சாப்பாடு ஒத்துக்கிடல போலருக்கு."

கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் வீடியோவில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியே அந்த மலை தெரிந்தால், "மேக்க மழ உண்டா?" என்றுதான் கேட்பார். வாழைக்காரருக்கு அதுதான் முதல் கேள்வி. நானும் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, உண்டு, இல்லை என்று பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

4

இரண்டாம் தடவை தேறி, இரண்டாவது வண்டி வாங்கினேன். செம்பழுப்பு நிறம். வீடியோவில் பார்த்த உடனே அப்பா செவலை என்றார்.

செவலை, கற்றுக்கொள்பவர்களுக்கு அனுமதித்த வகை. இரண்டு சிலிண்டர், தண்ணீர் குளிரூட்டல். காரி உறுமுவாள், செவலை முனகுவாள். கிளட்ச் வெண்ணெய். நகரத்துக்குள் அதைப் போல ஒரு நல்ல பிள்ளை கிடையாது. எங்கே திருப்பினாலும் திரும்பும், எட்டு என்ன, பதினாறு போடச் சொன்னாலும் போடும். சூடு முழங்காலுக்கு வராது.

குறை வெளியூர்ச் சாலையில்தான் தெரியும். என் வேலைக்கு மாதத்தில் சில நாள் வடக்கே தூரத்துக் காற்றாலைகளுக்குப் போக வேண்டும். வழியில் வளைவே இல்லாத கோதுமைக் காடு. பணகுடிச் செம்மண் தேரிக்காட்டை எடுத்து, பனைகளைப் பிடுங்கிவிட்டு, நாலு பக்கமும் இழுத்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அங்கே சட்டம் அனுமதிக்கிற வேகத்தைத் தொட்டால் செவலையின் ஹேண்டில் நடுங்கத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். எதிரே பெரிய க்ரூசர்களில் போகிறவர்கள், ஒரு கையால் வணக்கம் சொல்லிவிட்டு, ஏதோ கோயில் தேரில் உலா வருகிற மாதிரி நகர்ந்து போவார்கள். பல வருடம் அந்த வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டே மனதுக்குள் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

செவலையின் பின்சீட்டு அகலமானது. முதுகுக்குச் சாய்மானம் வைத்தேன். அப்பா வந்தால் உட்கார்வார் என்று. அப்பா வரவில்லை. விமானத்தில் நடுவில் இறங்க முடியாது என்று தெரிந்த பிறகு அவருக்கு ஆர்வம் போய்விட்டது. சாய்மானம் காலியாகவே காற்றை வாங்கிக்கொண்டு வந்தது. பிறகு இசக்கி வளர்ந்தாள். நிற்கிற வண்டியில் சாய்ந்து உட்காரத் தொடங்கினாள்.

5

பெரிய லைசென்சும் கிடைத்தது. கடையில் ஒரு வண்டி வந்திருந்தது. சாம்பல் நிறம், அகன்ற டேங்க், இரண்டு செவலையைச் சேர்த்துக் கட்டிவைத்தது மாதிரி என்ஜின். படம் அனுப்பினேன். "இது மயில. நல்ல சாதி" என்று, சாம்பல் மாட்டுக்குச் சொல்கிற பெயரை அப்பா பதிலாகச் சொன்னார்.

ஓட்டிப் பார்த்தேன். முதலில் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தவே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கடை வாசலில் திருப்பியபோது நெல்லை டவுன் ரத வீதியில் சரக்கு லாரியைத் திருப்புகிற டிரைவர் மாதிரி வியர்த்தேன். சிக்னலில் நின்றால் தொடைக்கு உள்பக்கம் இட்லிக் கொப்பரை. இவ்வளவும் உண்மை. ஆனால் வெளிச்சாலையில் ஏறியதும் அந்தப் பாரம் எங்கே போனது என்று தெரியவில்லை. செவலை நடுங்குகிற வேகத்தில் மயிலை இன்னும் தூக்கம் கலையாமல் போனது. மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் முதுகுக்குப் பின்னால் யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கால் தரையில் முழுதாகப் பதிந்தது. மேலப்பாளையத்துக்காரர் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அது வேண்டும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பம் இல்லை. வாழைத்தார் சுமக்கிறவரின் மகள் அந்த வண்டியில் அந்தச் சாலையில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒற்றைச் சீட்டு என்றதும் அப்பா மட்டும் யோசித்தார். "ஒத்த ஆளு போறதுக்கா அம்புட்டுப் பெரிய வண்டி? பின்னால உக்காருதவங்க எங்க போவாங்க?"

கடைக்காரர் நரைத்த தாடியை நெஞ்சுவரை விட்ட நல்ல மனிதர். பின்சீட்டு தனியாக வாங்கிப் பொருத்தலாம், பிள்ளையைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பாருங்கள் என்றார். பிறந்தநாள் அன்று பள்ளி விட்டதும் சீருடையோடு இசக்கியைக் கூட்டிப் போனேன். தற்காலிகமாக ஒரு சீட்டை வைத்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார்.

அகன்ற வண்டி. அவள் கால்கள் பக்கவாட்டில் விரிந்து நின்றன. பாதங்கள் புட்ரெஸ்டுக்கு மேலே அந்தரத்தில் தொங்கின. நுனிவிரலை நீட்டினாள். இடுப்பை ஒரு பக்கம் சரித்து நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.

இன்னும் இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவாள் என்றார் கடைக்காரர்.

இசக்கி என்னையும் வண்டியையும் பார்த்தாள். நான் வண்டியை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இட்ஸ் ஓகே, அம்மா" என்றாள்.

அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. தமிழ் வகுப்புக்குச் சொன்ன அதே குரல். அதுதான் என்னைக் கலக்கியது. எட்டு வருடம் காத்திருந்த பிள்ளையிடம் இன்னும் இரண்டு வருடம் என்றால் அவள் காத்திருப்பாள். ஆனால் ஆசையோடு காத்திருக்க மாட்டாள். பத்து வயதில் கால் எட்டும்போது, அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு போவது தோழிகள் முன்னால் வெட்கமாகிவிட்டிருக்கும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லுங்கள், இன்னொருவரும் கேட்டிருக்கிறார் என்றார் கடைக்காரர். வீட்டுக்காரர், உன் ஆசை, உன் சம்பாத்தியம், நீயே முடிவு செய் என்று நழுவிவிட்டார். நான் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். சனிக்கிழமை காலையில் அவளைச் செவலையில் ஒரு சுற்றுக் கூட்டிப் போவது. திரும்பி வந்து அவளை வீட்டில் விட்டுவிட்டு, செவலையைக் கடையில் கொடுத்து மயிலையை எடுத்துக்கொள்வது. சொன்ன சொல்லையும் காப்பாற்றியதாயிற்று. எனக்காக நானே நல்ல வக்கீல் வைத்திருந்தேன்.

6

சனிக்கிழமை காலை. தோல் சட்டை, கையுறை, பூட்சு. லைசென்சு ஆபீஸ் அம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இசக்கி செவலையில் ஏறினாள். இரண்டு பாதமும் புட்ரெஸ்டில் பதிந்தன. குனிந்து வலது பாதத்தையும் இடது பாதத்தையும் கையால் தொட்டு உறுதி செய்தேன். சாய்மானத்தில் முதுகு வைத்தாள். என் ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு கேட்டது. எங்கள் இருவருக்கும் இடையில் பேசுவதற்கு ஒலிக்கருவி மாட்டியிருந்தேன்.

கிளப்பினேன். தெருமுனை வரை அவளுடைய இரண்டு கையும் என் இடுப்பை நெரித்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பிடி தளர்ந்தது. ஒரு நாயைப் பார்த்தாள். தன் பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து, ஒரு கையை எடுத்துப் பெரிதாக ஆட்டினாள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் உட்கார்ந்தவர்கள் ஊரைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சாலை ஒரு முச்சந்தியில் முடியும். இடது பக்கம் போனால் கடல், வலது பக்கம் போனால் மலை. நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று தமிழில் கேட்டேன். லெப்ட் என்றோ ரைட் என்றோ வரும், அல்லது பீச் என்று வரும்.

"மேக்க" என்றாள்.

ஹெல்மெட்டுக்குள் அப்பாவின் சொல், எட்டு வயதுக் குரலில். பின்னால் கார் எதுவும் இல்லாதது நல்லதாயிற்று. பரீட்சை அன்றுபோலவே கால் ஊன்றி நின்றேன்.

"மேக்கன்னா எந்தப் பக்கம் தெரியுமா?"

கண்ணாடியில் அவள் கை நீண்டது. மலையைக் காட்டியது. சூரியன் அப்போதுதான் அந்த மலைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

அது கிழக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, நான் படித்தவள். "இசக்கி, வெஸ்ட் எது?" என்று கேட்டேன்.

"பீச்" என்றாள் உடனே. "வெஸ்ட் இஸ் த பீச். மேக்க மலை. தாத்தா சொன்னாங்க." பிறகு, இது தெரியாதா என்கிற மாதிரிப் பொறுமையாக, இரண்டும் வேற வேற வார்த்தை, அம்மா என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. மேல் என்பதிலிருந்துதான் மேற்கு, கீழ் என்பதிலிருந்துதான் கிழக்கு என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். மலை இருக்கிற மேட்டுப் பக்கம், கடல் இருக்கிற பள்ளத்துப் பக்கம். நம் மலையும் நம் கடலும் இருக்கிற இடத்தை வைத்து உண்டான சொற்கள். அதை இந்தப் பிள்ளை யாரிடமும் படிக்காமல், நான் ஜன்னலோரம் நின்று அப்பாவுக்குப் பதில் சொன்னதைக் காதில் வாங்கியே எடுத்துவைத்திருக்கிறாள். இட்ஸ் ஓகே என்று சொல்லிவிட்டு எழுந்து போன நாட்களிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சரி, மேக்க" என்று வலது பக்கம் திருப்பினேன்.

மலைச் சாலை வளைவு வளைவாக ஏறியது. மயிலையாக இருந்தால் இந்த வளைவுகளில் வியர்த்திருப்பேன். செவலை பாட்டுப்போல் ஏறினாள். பின்னாலிருந்து, "பைய, அம்மா, பைய" என்று ஒரு தடவை கேட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் பரீட்சை வைக்கவில்லை.

மேலே ஒரு பார்வை மேடையில் நிறுத்தி, அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் டீக்கடை நேரம். அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு முகம் எட்டிப் பார்த்தன.

"எங்க நிக்கிய?" என்றார்.

"மேக்க, தாத்தா" என்றாள் இசக்கி.

"மேக்க மழ உண்டா?"

"இல்ல தாத்தா. வெயில்."

"காலு எட்டுதா?"

போனை வாங்கிக்கொண்டு ஓடினாள். செவலையில் ஏறி உட்கார்ந்து, புட்ரெஸ்டில் இருந்த பாதத்தைப் படம் பிடித்துக் காட்டினாள். அந்தப் பழைய கூட்டாளியின் குரல் பக்கத்திலிருந்து கேட்டது: "என்ன வே சுடல, பேத்தியும் பின்னாலதானா?"

"ஊரப் பாக்கப் போயிருக்கா வே" என்றார் அப்பா.

போனை அணைத்துவிட்டு அங்கேயே நின்று கடைக்காரரை அழைத்தேன். என் வண்டியைக் கொடுப்பதாக இல்லை, அந்தச் சாம்பல் வண்டியை மற்றவருக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, பிள்ளையை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். கோதுமைக் காட்டுச் சாலையில் அடுத்த முறை கை மரத்துப்போகும்போது மயிலையை நினைத்துக்கொள்வேன். எதிரே போகிறவர்களுக்கு வணக்கம் சொல்வேன்.

இறங்கி வரும்போது இசக்கி ஒலிக்கருவியில் கேட்டாள்: "சாயங்காலம் கெழக்க போவோமா?"

போனோம். அன்று சாயங்காலம் செவலையைக் கரையில் நிறுத்திவிட்டு, நானும் என் மகளும் கெழக்க சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.